டிரைவர் சாப்பாடு

ராமதாஸுக்கு நீச்சல் தெரியாது. ராட்டினத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும். தண்ணீர்ச் சறுக்கில் மனிதர்கள் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் வந்து விழுகிறார்கள் என்பதுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. அப்படியிருந்தும் மதுராந்தகம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருக்குத் தீம் பார்க் போகும் ஆசை வந்தாலும் முதலில் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வருவார், கிரிக்கெட் டீம் பையன்கள் வருவார்கள், புதுசாகக் கல்யாணமான மாப்பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டே வருவார்கள். எல்லோருக்கும் அவன் சொல்வது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். சாப்பாடு.

செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸில் அவன் வேன் ஓட்டுகிறான். மீசை முளைத்த புதிதில் ஏறி உட்கார்ந்த சீட், இப்போது மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. கொச்சி, பெங்களூரு, ஐதராபாத், மும்பைக்கு வெளியே மலையடிவாரம் என்று அவன் வண்டி போய் நிற்காத பார்க் வாசல் குறைவு. வாசல் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டத்தை இறக்கிவிட்டு, நிழல் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு அவன் நேராக டிரைவர் சாப்பாட்டுக்குப் போய்விடுவான். இது எங்கும் எழுதி வைக்காத வழக்கம். கூட்டம் கொண்டுவருகிற டிரைவருக்குப் பார்க்கில் சோறு உண்டு. பார்க்கிங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையோ, கேண்டீன் ஓரமாக ஓர் அறையோ இருக்கும். வண்டி நம்பரைச் சொல்லி உட்கார்ந்தால் இலை விழும்.

அந்த இலையில் விழுந்ததை வைத்துத்தான் ராமதாஸ் ஊர் உலகத்தை எடைபோட்டு வைத்திருந்தான்.

“பெங்களூரு பக்கம் போனா சாம்பார்ல வெல்லம் போட்டுட்றான்யா,” என்பான். “பிசிபேளாபாத்துன்னு ஒன்னு குடுப்பான். சோத்தையும் சாம்பாரையும் அவனே பெசஞ்சு குடுத்துடுவான், நமக்கு வேலையே இல்ல. ஆனா கேவுரு உருண்டைக்கு ஒரு கோழிக் கொழம்பு ஊத்துவான் பாரு, அதுக்கு எம்மாந் தூரம் வேணா ஓட்டலாம். கொச்சிக்குப் போனா மட்டை அரிசி. பருக்கை ஒன்னு ஒன்னும் தனியா நிக்கும். தேங்கா எண்ணெ வாசம் ஒத்துக்காதவன் பட்டினிதான். மோரு கறி மட்டும் அவன் வெச்சாத்தான் மோரு கறி. ஐதராபாத் பக்கம் புளிச்சக்கீரையில பருப்பப் போட்டு, மேல நெய்ய வுட்டு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு ஊறுகா வெப்பான். பாம்பே பக்கம்தான் நைனா பேஜாரு. பன்னுக்குள்ள ஒரு போண்டாவ வெச்சுக் கையில குடுத்துட்டு, சாப்ட்டியான்னு கேக்கறான். அது நாஸ்தாவா சாப்பாடான்னு இன்னிக்கி வரிக்கும் எனக்கு வெளங்கல.”

ராட்டினம் எவ்வளவு உயரம், அலைக்குளத்தில் எவ்வளவு ஆழம் என்று கேட்க வந்தவன் அதையெல்லாம் மறந்துவிட்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்பான். அப்போதுதான் ராமதாஸ் தன் முடிவைச் சொல்வான்.

“சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டேன். நம்ம கடலோரத்துல போட்ற சோறுதான் சோறு.”

மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பார்க்கைத்தான் அவன் அப்படிச் சொன்னான். அதற்கு நீலாம்பரி பார்க் என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். அங்கே வஞ்சிர மீன் குழம்பு ஊற்றுவார்கள். பக்கத்துக் குப்பத்தில் காலையில் கரை சேர்ந்த மீன், மாங்காய் போட்ட குழம்பு, கூடவே ஒரு வறுவல் துண்டு, ரசம், கெட்டி மோர். ராமதாஸ் இதைச் சொல்லும்போது வலது கை தானாகச் சோறு பிசையும்.

உள்ளே டிக்கெட் வாங்கிப் போகிறவர்களும் இதே குழம்பைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று அவன் நம்பினான். யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஓசியில் சாப்பிடும் டிரைவருக்கே இப்படிப் போடுகிறவன் காசு கொடுத்து வருகிறவனுக்கு இன்னும் எவ்வளவு நன்றாகப் போடுவான் என்பது அவன் யோசனை. பார்க்கப்போனால் அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த ஞானத்தால் வீட்டில் அடிபட்டது அவன் மனைவி அன்பரசி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கும் மகளிர் குழுவில் அவள் இருக்கிறாள். இருட்டோடு எழுந்து போய் உப்புமாவோ கிச்சடியோ கிண்டி, பிள்ளைகளுக்குப் போட்டு, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டு அடுப்பு காத்திருக்கும். வெளியூர் சவாரி முடித்து வந்து உட்காரும் ராமதாஸ் முதல் வாய் வைத்ததும் தலையைச் சாய்த்து யோசிப்பான்.

“புளி கொஞ்சம் முன்னால நிக்குது. கொச்சிக்காரன் இப்டி வெக்க மாட்டான்.”

கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. டிராஃபிக்கைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்வான். அன்பரசி சில நாள் முறைப்பாள், சில நாள் “அப்ப கொச்சிலயே போயி துன்னு” என்பாள். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு பார்க் சாப்பாட்டையும் அவள் நம்பினாள். தான் பார்க்காத ஊர்களின் குழம்பெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் தானும் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதை அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அரையாண்டு லீவில் பள்ளிக்கூடம் மூடியதும் குழுப் பெண்கள் ஒரு நாள் எங்காவது போய்வரலாம் என்று கூடிப் பேசினார்கள். குழுத் தலைவி ஜெசிந்தா எதற்கும் முன்யோசனைக்காரி. “ஆளுக்குக் கொஞ்சம் புளிசோறு, தயிர்சோறு கட்டினு போயிட்லாம்,” என்றாள்.

அன்பரசி ஒத்துக்கொள்ளவில்லை. “லீவு நாள்லயும் இருட்டுல எழுந்து புளி கரைக்கணுமா ஜெசி? ஒரு நாளாவது இன்னொருத்தர் ஆக்கி, இன்னொருத்தர் போட்டு, நாம உக்காந்து துன்னுட்டு வரணும். எனக்கு ராட்டினமும் வேணாம், ஒன்னும் வேணாம். அது போதும்.”

அந்தப் பேச்சு எல்லோருக்கும் எங்கேயோ போய்த் தைத்தது. கூட்டத்தில் மூத்தவள் செங்கம்மாள். இரண்டு மருமகள் வந்த பின்னும் அடுப்படியை விட்டு வெளியே வராதவள். அவள் மெல்லக் கேட்டாள். “நெசமா உக்கார வெச்சுப் போடுவாங்களா?”

“எங்க வூட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும் பெரிம்மா,” என்றாள் அன்பரசி. “எல்லா ஊரு சாப்பாடும் சாப்ட்டவரு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து கேட்ட பெண்களுக்கு ராமதாஸ் நாற்காலி போட்டு உட்காரவைத்து நீலாம்பரி பார்க்கின் மீன் குழம்பை விவரித்தான். வழக்கத்தைவிட ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றினான் என்று சொல்லலாம். மனைவி அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்குப் புதுசு.

“கையில ஒரு டிபன் டப்பா கூட எடுக்காதீங்க. கேட்டுலயே புடுங்கி வெச்சுக்குவான். காலையில காப்பியோட நிறுத்திக்குங்க. வயிறு காலியா இருந்தாத்தான் அந்தச் சாப்பாட்டுக்கு மரியாதை.”

அப்படியே செய்தார்கள். அடுப்பு மூட்டாத வீடுகளிலிருந்து தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து வேனில் ஏறினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒரே பாட்டும் கும்மாளமும். பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி, தண்ணீர் பாட்டிலையும் ஜெசிந்தா திருட்டுத்தனமாக வைத்திருந்த முறுக்கு பாக்கெட்டையும் எடுத்து ஓரமாக வைத்தான். “நான்தான் சொன்னேன்ல,” என்றான் ராமதாஸ். பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அன்பரசி மட்டும் திரும்பி, “நாங்க சாப்ட்டுட்டு வந்து சொல்றோம், கொச்சியா நம்மூரான்னு,” என்றாள்.

மத்தியானம் டிரைவர் கொட்டகையில் இலை விழுந்தது. அங்கே சமைத்துப் பரிமாறுகிறவன் துரை, பக்கத்துக் குப்பத்துக்காரன். ராமதாஸ் என்றால் அவனுக்கு ஒரு தனிப் பிரியம், துண்டு பார்த்துத்தான் போடுவான். குழம்பை ஊற்றியதும் ராமதாஸ் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டான். இந்நேரம் அன்பரசியும் இதே குழம்பைப் பிசைந்துகொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை தனியாகச் சாப்பிட்ட சாப்பாட்டை முதல் தடவையாகக் குடும்பத்தோடு சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

“தொரை, இன்னிக்கி உள்ளாற கூட்டம் அதிகமா கீதே. கொழம்பு பத்துமா? எங்க வூட்டு ஆளுங்க வந்துகீறாங்க.”

துரைக்குப் புரியவில்லை. “உள்ளாற எந்தக் கொழம்பு அண்ணாத்த?”

“இதான்யா. மீன் கொழம்பு.”

“உள்ளாற ஏது மீன் கொழம்பு?” துரை சிரித்தான். “அது வேற காண்டிராக்டு. பிரைடு ரைஸு, நூடுல்ஸு, பர்கரு, அந்த மாதிரி. எல்லாம் நின்னு வாங்கி நாமளே தூக்கினு போயி துன்ன வேண்டியதுதான். இது உங்களுக்குன்னு தனியா வெக்கறது.”

“எங்களுக்குன்னு எதுக்கு வெக்கணும்?”

“இன்னா அண்ணாத்த தெரியாத மாதிரி கேக்கற? உங்க வாய்க்கு ருசியா போட்டாத்தான நீங்க பார்ட்டிய இங்க இட்டாருவீங்க. எல்லா ஊர்லயும் அதுக்குத்தான போட்றான்.”

துரை இதை ரகசியமாகச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். ராமதாஸின் கையில் எடுத்த கவளம் அப்படியே இருந்தது. கேழ்வரகு உருண்டை, மோரு கறி, புளிச்சக்கீரைப் பருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்தன. அவனை நம்பி எத்தனை பேர் போனார்கள் என்பதும் வந்தது. பிறகு அடுப்பு மூட்டாமல் கிளம்பி வந்த பெண்களின் ஞாபகம் வந்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

அன்பரசியின் போன் அணைந்திருந்தது. லாக்கரில் வைத்திருப்பாள். கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்கு அவனை முகம் தெரியும். “உள்ளாற ஒரு சேதி சொல்லிட்டு வந்துட்றேன்,” என்று தன் லைசென்ஸை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இத்தனை வருஷத்தில் ஒரு பார்க்கின் கேட்டைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. நனைந்த ஜனங்கள் வெற்றுக்காலோடு ஓடினார்கள். மேலே எங்கோ குழாய்க்குள்ளிருந்து அலறல் கேட்டது. காக்கிச் சட்டையும் செருப்புமாக அவன் ஒருத்தன்தான் அங்கே நனையாத ஆள்.

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகக் கவுண்டர்கள், அவற்றின் மேல் படம் படமாக மின்னும் பலகைகள். செங்கம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியில் இருந்த ஆறிப்போன பிரைடு ரைஸை மரக்குச்சி மாதிரி ஒரு முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். பருக்கை நிற்காமல் கீழே விழுந்தது. ஜெசிந்தாவும் மற்றவர்களும் இன்னும் வரிசையில் நின்றார்கள். அன்பரசியைக் காணவில்லை.

கூடத்தின் கடைசியில்தான் இருந்தாள். பார்க்கில் வாடகைக்குக் கொடுத்த நைலான் சட்டையும் பேண்ட்டும், தலையிலிருந்து சொட்டும் தண்ணீரும், கசங்கிப்போன பூவுமாக அவள் முதுகைக் காட்டி நின்றாள். அது ஐஸ்கிரீம் கவுண்டர்.

“இங்க அதெல்லாம் இல்லக்கா,” என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இருக்கும்மா. நல்லா கேட்டுச் சொல்லு. வஞ்சிரம், மாங்கா போட்டு வெப்பாங்களாம். எல்லாக் கவுண்டர்லயும் கேட்டுட்டேன், இது ஒன்னுதான் பாக்கி. எங்க வூட்டுக்காரரு பல வருசமா இங்க சாப்பிட்றாரு.”

ராமதாஸுக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. நல்ல வேளை, கால் போகவில்லை.

“அன்பு,” என்றான்.

திரும்பிப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது. நைலான் சட்டையில் அவன் முன் நிற்கிறோம் என்ற கூச்சம்கூட அப்போது அவளுக்கு இல்லை. “வந்துட்டியா. எந்தப் பக்கம்னு நீயே காட்டு. நான் சுத்திச் சுத்தி வந்துட்டேன்.”

“இங்க இல்ல அன்பு. அது வெளியில. டிரைவருங்களுக்கு மட்டும் தனியா வெக்கறானாம். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

“அப்ப உள்ளாற நீ சாப்ட்டதே இல்லியா?”

“உள்ளாற வந்ததே இல்ல.”

“கொச்சியில?”

“எங்கயும் இல்ல.”

அவன் அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்திருந்தான். விரல்களில் குழம்பு வாசனை அப்படியே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவே அந்த வாசனைதான் நின்றது.

“நல்லா இருந்திச்சா?” என்று கேட்டாள் அன்பரசி.

குத்திக் காட்டுகிற குரலில் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஜெசிந்தா விஷயம் தெரிந்ததும் அவளுக்கே உரிய விதத்தில் சொன்னாள். “நீ சொன்னத நம்பித்தான் அண்ணாத்த காப்பித் தண்ணியோட வந்தோம். சரி வுடு. ராத்திரி வூட்டுக்குப் போயி ஆளுக்கு ஒரு ஒலை வெக்க வேண்டியதுதான். அடுப்பு எங்க ஓடிப்போவப்போவுது.”

செங்கம்மாள் அவளை அடக்கினாள். “தம்பி இன்னா பண்ணும் பாவம். இதுவும் சோறுதான்.” இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் பருக்கையைக் குத்த ஆரம்பித்தாள். அன்பரசி மற்ற பெண்களின் கண்ணைப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றுகொண்டாள். உட்காரவைத்துப் போடுவார்கள் என்று தலைவியிடமும் மூத்தவளிடமும் அவள் கொடுத்த வாக்கு அது. புருஷன் வாயால் கெட்டுப்போனது.

ராமதாஸ் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து துரையைப் பிடித்தான். கொட்டகையில் குழம்பு தீர்ந்துவிட்டிருந்தது. இருந்தாலும் கொடுக்க முடியாது என்றான் துரை. “டிரைவர் இல்லாதவங்களுக்கு ஒரு இல போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கி எனக்கு வேல இல்ல அண்ணாத்த.” ராமதாஸ் காலிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“அப்ப எப்டி வெக்கறதுன்னு சொல்லு.”

“யாரு வெக்க?”

“நான்தான்.”

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். அடுப்புப் பக்கமே போகாத ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, புளி எவ்வளவு, தூள் எவ்வளவு, எதற்குப் பின் எது என்று சொன்னான். கழுவி வைத்திருந்த இரண்டு பெரிய பாத்திரங்களையும் ஒரு பொட்டலம் குழம்புத் தூளையும் எடுத்துக் கொடுத்தான். சபரிமலை சவாரிக்கு எடுத்துப்போன கேஸ் அடுப்பு வேன் டிக்கியிலேயே கிடந்தது. அந்தச் சாமிகளின் பாத்திரமும் கூடவே கிடந்தது, ஆனால் அதில் மீனைப் போட்டால் குருசாமி ஊரைவிட்டே விரட்டிவிடுவார். அதைத் துணி போட்டு மூடித் தள்ளி வைத்தான்.

குப்பத்தில் வஞ்சிரம் தீர்ந்துபோயிருந்தது. சங்கரா மீன்தான் மிச்சம். விற்றுக்கொண்டிருந்த அம்மாவே ஆய்ந்தும் கொடுத்தாள். வழியில் அரிசி, புளி, மாங்காய், வாழையிலை. பார்க்கிங்கின் கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. அங்கே மணலில் அடுப்பை இறக்கிவைத்து, காற்றுக்கு மறைப்பாக வேனின் ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினான்.

வெங்காயம் நறுக்கும்போது விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டான். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று துரையைக் கேட்க மறந்திருந்தான், அது குழைந்துகொண்டே போயிற்று. புளி கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் மீனைப் போட வேண்டும் என்று துரை இரண்டு தடவை சொல்லியிருந்தான். ஆனால் பார்க் மூடும் நேரம் நெருங்க நெருங்க ராமதாஸுக்குப் பதற்றம். குழம்பு தளதளவென்று வந்ததும் மீனைப் போட்டுவிட்டான். போட்ட மீனைக் கரண்டியால் வேறு கிண்டினான். கடைசியில் ருசி பார்க்கக் கரண்டியை வாய்வரை கொண்டுபோய், பயந்துபோய்த் திரும்பக் குழம்பிலேயே ஊற்றினான். நன்றாக இல்லை என்று தெரிந்து மட்டும் இப்போது என்ன செய்வது.

கண் சிவந்து, தலை காயாமல், ஆளுக்கு ஒரு பையோடு வெளியே வந்த பெண்கள் வேனைப் பார்த்து நடந்தார்கள். ராமதாஸ் குறுக்கே வந்து நின்றான்.

“இந்தப் பக்கம் வாங்க,” என்றான். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

தோப்பு மணலில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து வரிசையாக இலை போட்டு வைத்திருந்தான். பெண்கள் பாத்திரத்தைப் பார்த்தார்கள், அவன் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீயா ஆக்கின?” என்று கேட்டாள் அன்பரசி. அவன் தலையாட்டினான். “உக்காருங்க,” என்றான்.

செங்கம்மாளிலிருந்து ஆரம்பித்தான். குனிந்து சோறு போட்டே பழக்கமில்லாததால் முதல் இலையில் பாதிச் சோறு மணலில் விழுந்தது. குழம்பு ஊற்றும்போது இன்னும் மோசம். மீன் உடைந்து நடுமுள்ளோடு தொங்கியது. செங்கம்மாள் பழக்கதோஷத்தில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். “நீ குடு தம்பி, நான் போட்றேன்.”

“உக்காரு பெரிம்மா,” என்றான் ராமதாஸ். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பசி. சவுக்குக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ராமதாஸ் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னும் பின்னும் நடந்தான். முதலில் ஜெசிந்தாதான் கேட்டாள். “கொஞ்சம் கொழம்பு.” பிறகு செங்கம்மாள் இலையைக் காட்டினாள். பிறகு எல்லோரும். அன்பரசி இரண்டு தடவை வாங்கினாள். ஒவ்வொரு கை நீளும்போதும் அவனுக்கு மனசு நிறைந்தது. பரவாயில்லை, எப்படியோ அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பந்திக்கே இப்படி வலிக்கிறதே, இவர்கள் தினமும் எப்படித்தான் குனிகிறார்களோ என்று நினைத்தான்.

எல்லோரும் கை கழுவிவிட்டு மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். செங்கம்மாள் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். ஜெசிந்தா எதற்கோ சிரித்தாள். இலையை எடுக்கவோ பாத்திரத்தை நகர்த்தவோ ஒருத்தியும் அசையவில்லை. ராமதாஸ் கடைசியாகத் தனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மீன் தீர்ந்திருந்தது. குழம்பும் உடைந்த மாங்காய்த் துண்டும்தான் மிச்சம். பிசைந்து முதல் வாய் வைத்தான்.

புளி பச்சையாக நாக்கில் ஏறியது. உப்பு இல்லவே இல்லை, போட மறந்திருக்கிறான். சோறு களி. மீனின் கவிச்சை போகவில்லை. இவ்வளவு மோசமான குழம்பை எந்த ஊரிலும் அவன் சாப்பிட்டதில்லை. அத்தனை பேரும் சமையல்காரிகள், நாக்கில் பட்டதுமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அன்பரசி பக்கத்தில்தான் சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அன்பு, இது வாயில வெக்க முடியலியே.”

“ஆமா,” என்றாள் அவள்.

“அப்பறம் ஏன் எல்லாரும் வாங்கி வாங்கி சாப்ட்டீங்க? ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லல.”

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“இடுப்பு ஒடிய ஆக்கி, கொண்டாந்து போட்றவங்ககிட்ட அத எப்டிய்யா சொல்றது?”

ராமதாஸ் குனிந்துகொண்டு, இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான்.